என் இரண்டாவது பிறந்தநாள்

போன வாரம் டியூஷனுக்கு வந்த பெண் ஒருத்தி மொட்டைமாடிக்கு ஏறி வந்ததும் வராததுமாகக் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அண்ணா, நம்பர் வந்துருச்சு." பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் வரும் ரேண்டம் எண். பத்திரிகைகளில் 'சமவாய்ப்பு எண்' என்று அழகாகப் போடுவார்கள். பத்து இலக்கம், அசப்பில் மொபைல் நம்பர்தான். அவளுடைய ஆயா, "இன்னாடி இது, யார் நம்பரு" என்று கேட்டு, இவள் விளக்குவதற்குள் போட்டும் பார்த்துவிட்டாராம். ஸ்விட்ச் ஆஃப்.

சிரித்து முடித்தபின் அவள் கேட்டாள்: "நம்பர் பெருசா இருந்தாதான் நல்லதாமே. என்னுது ரெண்டுல ஆரம்பிக்குது. அப்போ என் லக்கு அவ்ளோதானாண்ணா?"

அன்றைக்கு வகையிடல் கணக்கு நடத்துவதாக இருந்தேன், நடத்தவில்லை.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். இரண்டு பேர் ஒரே கட் ஆஃபில் வந்து நின்றால் யாருக்குக் கணக்கில் அதிகம் என்று பார்ப்பார்கள், அதுவும் சமம் என்றால் இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம், மொத்த மதிப்பெண் என்று போகும். எல்லாமே சமமாக இருந்தால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. தேதியும் ஒன்று என்றால்தான் இந்தப் பத்து இலக்க எண் எட்டிப் பார்க்கும், பெரிய எண் வைத்திருப்பவர் முன்னே போவார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த எண் கடைசிவரை எதற்கும் உதவாது. ஆனாலும் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. இந்தச் சேர்க்கை முழுவதிலும் "இதற்குமேல் உங்களில் யார் உசத்தி என்று எங்களுக்குத் தெரியவில்லை, சீட்டுக் குலுக்குகிறோம்" என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். மற்ற இடத்திலெல்லாம் அதிர்ஷ்டம் மார்க் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

எப்படி என்று என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

நான் பிறந்தது 1990 ஆகஸ்ட் 11. கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து கார்ப்பரேஷன் பள்ளியில் 1995 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டிப்போனார். ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், எனக்குப் பதினொரு நாள் குறைகிறது. டீச்சரம்மா என்னைப் பார்த்து, "கையைத் தலைக்குமேலே சுத்திக் காதைத் தொடுடா" என்றார். தொட்டேன். "அதெல்லாம் சரியா கீறான், மே மாசம்னு போட்டுக்கலாமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மே 11 என்று எழுதிவிட்டார். எங்கள் பக்கம் அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடப் பிறந்தநாள் மே, ஜூனில்தான் இருக்கும், இதில் யாரும் எதையும் பெரிதாக நினைத்ததில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது ஏறியது, அப்புறம் பான் கார்டு, பாஸ்போர்ட், எல்லாவற்றிலும்.

2007ல் பிளஸ் டூ முடித்தேன். கணக்கில் 200, இயற்பியலில் 197, வேதியியலில் 198. கட் ஆஃப் 198.75.

அப்போது கவுன்சலிங் ஆன்லைனில் கிடையாது, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். அப்பாவுக்குக் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, பீச்சில் இறங்கி, தாம்பரம் வண்டி பிடித்துப் போனோம். எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும். அவர் மடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள், அந்தப் பெண்ணின் தலையில் கட்டிய ரிப்பன் ஒருபக்கம் நசுங்கியிருந்தது. "தம்பிக்கு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பாமல் என் மார்க் ஷீட்டை வாங்கித் தன் மகளுடையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 200, 197, 198. கம்ப்யூட்டர் சயன்ஸும் அதே 196. ரேங்க் மட்டும் எனக்கு ஒன்று முன்னே. விரலை வைத்து வரிவரியாக இறங்கி வந்தவர் பிறந்த தேதியில் நின்றார். அவளுடையது 1990 ஜூன். "ஓ, நீ மூத்தவன்ப்பா. அதான்" என்று சொல்லிச் சிரித்தார். என் பக்கத்தில் அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்திருந்தார்.

உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். கிண்டி மெக்கானிக்கல், பி.சி. பத்தியில் 1 என்று நின்றது. நான் எடுத்தேன், 0 ஆனது. எழுந்து வெளியே வரும்போது அவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திரும்பும்போது ராயபுரம் தாண்டும் வரை அம்மா பேசவே இல்லை. அப்புறம், "அந்த டீச்சரம்மா புண்ணியம்" என்று மட்டும் சொன்னார்.

1794ல் தொடங்கிய கல்லூரி, வாசலில் அந்தச் சிவப்புக் கட்டடம், நான்கு வருடப் படிப்பு, படிப்பு முடிவதற்கு முன்னாலேயே கேம்பஸில் வேலை. இன்றைக்கு என் வீட்டில் இருக்கிற வாஷிங் மெஷினிலிருந்து தம்பி கல்யாணம் வரைக்கும் அந்த 1 எனக்குக் கிடைத்ததில் வந்ததுதான். அந்த 1 எனக்குக் கிடைத்தது, இல்லாத ஒரு மே மாதத்தால். நியாயமாகப் பார்த்தால் அவள்தான் மூத்தவள்.

சரி, இப்படிச் சொன்னவுடனே சிலர், "அப்போ படிப்பு கிடிப்பு எல்லாம் சும்மாவா?" என்று கிளம்புவார்கள். சும்மா இல்லை. அந்த 198.75 என்னுடையது, அதில் யாருக்கும் பங்கு கிடையாது (அண்ணனுக்கு மட்டும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்). எங்கள் வீடு ஒரே அறை. ராத்திரி பத்து மணிக்குமேல் தெருமுனை மாரியம்மன் கோயில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட கம் புக் என்ற கணக்குப் பயிற்சிப் புத்தகத்தை அட்டை பிய்கிற வரைக்கும் போட்டேன். கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்வியே 40, அதில் ஒன்று வழுக்கினால் சென்டம் போச்சு. கொசு கடித்த கணுக்கால் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. கால் மார்க் குறைந்திருந்தால் தேதி பார்க்கிற கட்டமே வந்திருக்காது, யாரும் என் மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். உழைப்பு என்னை அந்த நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதற்கடுத்து நடந்ததுக்கும் உழைப்புக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெண்ணும் அவளுடைய ஊரில் ஏதோ ஒரு விளக்குக்குக் கீழே உட்கார்ந்துதானே அதே 198.75ஐ வாங்கியிருப்பாள்?

இயற்பியல் பரீட்சை அன்றைக்குக் கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. சரக்கு வண்டி ஒன்று போகும், அடுத்தது வரும், நடுவில் கரண்ட் ரயில். சைக்கிளைச் சாய்த்துக் கீழே நுழைந்து ஓடினேன் (யாரும் செய்யாதீர்கள்). ஐந்து நிமிடம் லேட், உள்ளே விட்டார்கள்.

இப்போது அண்ணன். பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன், எனக்கு நுண்கணிதம் சொல்லிக் கொடுத்தவன், இன்றைக்கும் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். 2004ல் பிளஸ் டூ. அப்போது நுழைவுத்தேர்வு உண்டு, 1984லிருந்து இருந்தது. பிளஸ் டூ மார்க்கில் 200, நுழைவுத்தேர்வில் 100, மொத்தம் 300க்குக் கட் ஆஃப். பிளஸ் டூவில் அண்ணன் பிரமாதமாக வாங்கினான். ஆனால் நுழைவுத்தேர்வு என்பது வேறு வித்தை, நாலு விடையில் ஒன்றுக்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், ஒவ்வொரு கேள்வியிலும் நின்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்று அண்ணாநகரில் கோச்சிங் போனார்கள். பெரியப்பாவால் அந்தப் பணத்தைக் கட்ட முடியவில்லை. அந்த மாதிரி விடைத்தாளை அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்ததே பரீட்சை ஹாலில்தான். தாமதமாகிறது என்று பயந்து கடைசிப் பக்கத்தைக் குருட்டாம்போக்கில் கறுப்பாக்கிவிட்டு வந்தான். சீட் வந்தது, எங்கேயோ ஒரு கல்லூரியில், கட்ட முடியாத ஃபீஸில். பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தான். இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி உள்ளே வெளியே கணக்குப் பார்க்கிறான்.

நான் பிளஸ் டூ முடித்த 2007தான் நுழைவுத்தேர்வு ஒழிந்த முதல் ஆண்டு. 2006ல் சட்டம் போட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்து, எங்கள் செட் அந்த வட்டம் கறுப்பாக்கும் வேலை இல்லாமல் உள்ளே போனது. இதில் என் சாமர்த்தியம் என்ன? மூன்று வருடம் தாமதமாகப் பிறந்தது.

இந்த மாதிரி கோடுகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020ல் வந்தது, பொறியியலுக்கு 2021ல். நல்ல விஷயம், அதில் இரண்டு பேச்சே இல்லை, ஃபீஸையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அரசு உதவிபெறும் பள்ளி என்றால் கிடையாது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பாதிப் பிள்ளைகள் உதவிபெறும் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் எதிரெதிர் வீடு, இரண்டு அப்பாக்களும் ஒரே ஹார்பரில் லோடு இறக்குகிறவர்கள், ஒருவன் உள்ளே, இன்னொருத்தி வெளியே. ஐந்தாம் வகுப்பு முடித்தபோது எந்த ஸ்கூல் வீட்டுக்குப் பக்கம் என்று அவர்களுடைய அம்மாக்கள் பார்த்தது, ஏழு வருடம் கழித்து ரேங்க் லிஸ்டில் வந்து நிற்கிறது. ரேண்டம் எண்ணைக் காட்டினாளே அந்தப் பெண், அவள் இரண்டாவது வகை.

பெரிய பரீட்சைகளுக்குப் போனால் இது இன்னும் மோசம். 2024 நீட்டில் அணுக்களைப் பற்றி ஒரு இயற்பியல் கேள்வி. புது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் படித்தவர்களுக்கு ஒரு விடை, பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு இன்னொரு விடை. முதலில் இரண்டுக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், அவர்கள் ஐ.ஐ.டி. டெல்லியிடம் கேட்டு, ஒரு விடைதான் சரி என்று முடிவானது. பழைய புத்தகக்காரர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல், கொடுத்த நாலு மார்க் போய், தப்புக்கு ஒரு மார்க் கழிந்து, ஆளுக்கு ஐந்து மார்க் அம்பேல். 720க்கு 720 வாங்கியவர்கள் முதலில் 67 பேர், கருணை மார்க் பஞ்சாயத்தும் இதுவும் முடிந்தபோது 17. பழைய புத்தகத்தை யார் படிப்பார்கள்? அக்காவுடையதைத் தங்கை படிப்பாள், மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கியவன் படிப்பான். ஐந்து மார்க்கில் எத்தனை ஆயிரம் பேர் தாண்டிப் போவார்கள் என்று நீட் எழுதிய வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஜே.இ.இ.யில் வேறு மாதிரி. பத்து லட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள், இரண்டரை லட்சம் பேர் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறுகிறார்கள், அத்தனை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து சுமார் பதினெட்டாயிரம் இடம்தான். முதல் ஆயிரம் பேரை விடுங்கள், அவர்கள் எப்போது எழுதினாலும் வருவார்கள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் நிற்கிற சில ஆயிரம் பேரை மறுநாள் திரும்ப எழுத வைத்தால் பாதிப் பேர் இடம் மாறிவிடுவார்கள் என்று அடித்துச் சொல்வேன். 2023 டிசம்பர் புயலில் கொடுங்கையூரில் என்னிடம் படித்த பையன் வீட்டில் முட்டி வரைக்கும் தண்ணீர், நோட்டெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது, ஜனவரி கடைசியில் ஜே.இ.இ. மெயின். அதே நாளில் அதே தாளை, தண்ணீர் ஏறாத ஊரில் இருந்தவனும் எழுதினான். அவன் பெர்சன்டைலைத் தகுதி என்கிறோம், இவனுடையதையும் தகுதி என்றுதான் சொல்கிறோம்.

எங்கள் ஆபீஸில் ஒருவர், மகனை அமெரிக்காவுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருக்கிறார், "இங்கே ரிசர்வேஷன் கெடுக்கிறது, அங்கே பியூர் மெரிட்" என்பார். ஹார்வர்டில் 2024ல் 54,000 பேர் விண்ணப்பித்து 2,000க்கும் குறைவானவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, இடம் கிடைத்த வெள்ளைப் பிள்ளைகளில் 43 விழுக்காட்டினர் விளையாட்டு வீரர்கள், அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள், நன்கொடைக்காரர் வகையறாக்கள். இதை அவரிடம் சொன்னேன். ஏதோ போன் வந்த மாதிரி எழுந்து போய்விட்டார். நம்மூர் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பார்த்துத்தான் இவர்களுக்குத் தகுதி ஞாபகமே வரும்.

இதையெல்லாம் அறிந்தே ஒரு நாடு செய்து பார்த்தது. நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு 1972லிருந்து குலுக்கல் வைத்திருந்தார்கள். மார்க் அதிகம் என்றால் வாய்ப்பும் அதிகம், ஆனாலும் குலுக்கல்தான். 2017ல் நிறுத்தினார்கள், 2023லிருந்து விருப்பப்பட்ட கல்லூரிகள் மறுபடியும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நமக்கு இதில் ஆயிரம் வருட அனுபவம் இருக்கிறது, உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளியில் எல்லாரும்தான் படித்தோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, தகுதி இருப்பவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தகுதிக்கு ஒரு கோடு, கோட்டைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல். ரொம்ப நேர்மையான ஏற்பாடு என்று கல்லூரி நாட்களில் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அண்ணன்தான் கேட்டான்: "அந்தக் குடத்துக்குள்ள யார் பேரு போவும்டா?" கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. கொருக்குப்பேட்டையில் ஒரு ஆள் தேற மாட்டான். பையன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஓலையில் இருக்கும் அதிர்ஷ்டம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஓலை குடத்துக்குள் போனதில் இருந்த அதிர்ஷ்டத்தை யாரும் பேசுவதில்லை. அண்ணன் குடத்துக்கு வெளியே நின்றவன், அதனால் அவன் கண்ணில் பட்டது. எனக்குப் படவில்லை.

இந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். முதலில் அந்த எண்ணை மறந்துவிடு என்றேன். உன் கட் ஆஃப் 191.5, அந்த எண் உனக்கு வேலைக்கு வருவதற்குள் ஆறு கதவு இருக்கிறது, சாய்ஸ் லிஸ்டில் கிண்டியோடு நிறுத்தாமல் முப்பது, நாற்பது கல்லூரி போடு, போன வருடம் எந்த கட் ஆஃபுக்கு எது மூடியது என்று உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். பார்த்தோம், இரண்டு மணி நேரம். அப்புறம்தான் மேலே சொன்ன கதையைச் சொன்னேன். கிடைத்தால் தலைகால் தெரியாமல் ஆடாதே, கிடைக்காவிட்டால் மண்டையில் மசாலா இல்லை என்று உட்கார்ந்து அழாதே என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் அவள், "அந்தக்கா இப்போ இன்னா பண்றாங்கண்ணா?" என்றாள்.

தெரியாது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நசுங்கிய ரிப்பனும் அவள் அப்பாவின் மஞ்சப்பையும்தான் ஞாபகம். வேறு நல்ல கல்லூரியில் சேர்ந்து என்னைவிட நன்றாகவே இருக்கலாம், அந்த மார்க்குக்குக் கதவுகள் நிறைய உண்டு. இருந்தாலும் அவள் உள்ளே போகும்போது அந்த 0வைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆகஸ்ட் 11ந்தேதி அம்மா வீட்டில் சேமியா பாயசம் வைப்பார். மே 11ந்தேதி ஆபீஸில் ஹெச்.ஆர். ஆள் வாழ்த்து மெயில் அனுப்பி, மாலையில் கேக் வரவழைத்து, பெயர் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டுவிடுகிறார். பதினான்கு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் துண்டை யாருக்கு ஊட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கத்தியோடு கொஞ்ச நேரம் நிற்பேன், அதற்குள் யாராவது வாயைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள்.